பெருங்கதையாடலின் முடிவும் கியூபெக்கின் சிலுவையும்

கல்மண்டபம் எழுதியது:

பின்நவீனத்துவம் மதத்துக்குப் பொதுவாழ்வின் கதவைத் திரும்பத் திறந்துவிட்டது என்று போன வாரம் வேறோர் இழையில் பேச்சு வந்தது. அறிவு, முன்னேற்றம், விடுதலை என்று நவீனம் சொன்ன பெரிய கதைகளில் நம்பிக்கை போய்விட்டால், மதத்தைப் பழைய இருள் என்று ஒதுக்கிவைக்கும் தகுதியும் அந்தக் கதைகளுக்குப் போய்விடுகிறது. ஆகவே மதமும் பத்தில் ஒரு குரலாகச் சபைக்கு வரலாம். வாதம் இவ்வளவுதான். ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் இது என்ன ஆகிறது என்று பேசலாமே என்றுதான் இந்த இழை. ஊர், கனடாவின் கியூபெக்.

ஏன் கியூபெக் என்றால், பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாரின் 'பின்நவீன நிலை' 1979-இல் வெளிவந்தது. அது கியூபெக் அரசின் பல்கலைக்கழகங்கள் மன்றம் கேட்டு வாங்கிய அறிக்கை. தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் அடிபட்ட 'பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை' என்ற சொற்றொடர், ஓர் அரசு மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையின் முன்னுரையில் இருப்பது. 40 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அதே கியூபெக்கின் சட்டமன்றம் அரசின் மதச்சார்பின்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. 21-ஆம் மசோதா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரசு வழக்கறிஞர் உள்ளிட்டோர் பணி நேரத்தில் மதச் சின்னம் எதையும் அணியக் கூடாது.

பெருங்கதை முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொண்ட அரசு, பிறகு மதச்சார்பின்மையையே ஒரு பெருங்கதையாக எழுதியிருக்கிறது என்பது என் எண்ணம். அதுவும் பகுத்தறிவின் கதையாக எழுதவில்லை, 'நாங்கள் யார்' என்ற கதையாக எழுதியிருக்கிறது. மறுப்பவர்கள் வரலாம்.

தராசு எழுதியது:

கல்மண்டபம் ஐயா, தற்செயலாக அமைந்த ஒரு பொருத்தத்தின் மேல் கோபுரம் எழுப்புகிறீர்கள். அந்த அறிக்கையின் கவலை அறிவைப் பற்றியது. கணினி வந்தபின் அறிவு விற்பனைச் சரக்காகிவிடுமே, தரவு வங்கிகள் யார் கையில் இருக்கும், பல்கலைக்கழகத்தின் கதி என்ன என்று அது போகிறது. மதம் அதில் ஏறக்குறைய இல்லை. லியோதாரே பின்னாளில் ஒரு நேர்காணலில், தம் புத்தகங்களில் மிக மோசமானது அதுதான், படிக்காத நூல்களையெல்லாம் அதில் எடுத்துக்காட்டியிருக்கிறேன் என்றார்.

இன்னொன்றும் உண்டு. பெருங்கதையாடல்கள் எவையெவை என்று அவர் பிற்பாடு விரித்துச் சொன்னபோது, கிறித்தவத்தின் மீட்புக் கதையும் அதில் இருந்தது. ஆதாமின் பாவத்திலிருந்து அன்பினால் மீட்சி என்பதும் மனிதகுலம் முழுமைக்கும் சொல்லப்பட்ட கதைதானே. கதவு திறந்தது என்று கைதட்டும் பக்தர்கள் இதைக் கவனிப்பதில்லை. 'எல்லோருக்கும் உண்மை இது ஒன்றே' என்ற உரிமையைத் துறந்த மதத்துக்குத்தான் இந்தச் சபையில் இடம். அப்படித் துறக்க எந்தப் பீடாதிபதி சம்மதிப்பார்? பின்நவீனத்துவம் மதத்தைத் திரும்ப அழைத்தது என்பதைவிட, பல் பிடுங்கி அழைத்தது என்பதே சரி.

ஆற்றங்கரை எழுதியது:

தொடர்கிறேன். மொன்றியல் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

பனிமூட்டம் எழுதியது:

நான் மொன்றியலில் இருக்கிறேன். தத்துவம் படித்தவள் அல்ல. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது 2019-இல் திடீரென்று முளைத்த விஷயமல்ல. 2001-இல் 12 வயதுச் சீக்கிய மாணவன் ஒருவனின் கிர்பான், அதாவது சீக்கியர் மதக் கடமையாக அணியும் குறுவாள், பள்ளி முற்றத்தில் நழுவி விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், உறையிலிட்டு உடைக்குள் தைத்து வைத்திருந்தால் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று 2006-இல் தீர்ப்பாகியது. அதே ஆண்டில் பார்க் அவெனியூவில் உள்ள உடற்பயிற்சிக்கூடத்தின் சன்னல் கண்ணாடி சண்டையாகியது. பின் சந்துக்கு எதிர்ப்புறம், மரபைக் கறாராகப் பின்பற்றும் ஹசிதிய யூதர்களின் தொழுகைக்கூடம். உடற்பயிற்சி உடையில் பெண்கள் நிற்பது அங்கு படிக்கும் பையன்களின் கண்ணில் படுகிறது என்று அவர்கள் சொல்ல, அவர்கள் செலவிலேயே பனிக்கண்ணாடி பொருத்தினார்கள். உறுப்பினர்களான பெண்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் கண்ணாடியை மாற்றிவிட்டு, இழுத்து மூடக்கூடிய மறைப்புப் போட்டார்கள். ஒரு சந்துக்குள் இரண்டு வீட்டுக்காரர் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம், மாகாணம் முழுவதற்கும் மாதக்கணக்கில் செய்தியாக ஓடியது.

2007 ஜனவரியில் எரூவில் என்ற சிற்றூர் வந்து குடியேறுவோருக்கு ஒரு நடத்தை விதி வெளியிட்டது. பெண்களைக் கல்லால் அடித்துக் கொல்லக் கூடாது, முகத்தை மூடுவது ஹாலோவீன் அன்று மட்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த ஊரில் குடியேறியவர் என்று சொல்ல ஆள் தேட வேண்டும். அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான் முதலமைச்சர் ஷாரே, வரலாற்றறிஞர் ஜெரார் பூஷாரையும் தத்துவவாதி சார்ல்ஸ் டெய்லரையும், மதச் சிறுபான்மையினரின் வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று ஆராய, ஆணைக்குழுவாக நியமித்தார். ஊர் ஊராகப் போய், ஒலிவாங்கி முன் யாரும் எதையும் சொல்லலாம் என்று கேட்டார்கள். நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். சிலர் பேசியதைக் கேட்டபின் அடுத்த நாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

இப்போது நம் கதை. சட்டம் எதைச் சின்னம் என்கிறது? உடை, நகை, அணி, தலையணி என்று அடுக்கி, மத நம்பிக்கையோடு தொடர்புபட அணியப்படும் எந்தப் பொருளும், அல்லது ஒரு மதத்தைச் சேர்ந்தவர் என்று காட்டுவதாக நியாயமாகக் கருதத்தக்க எந்தப் பொருளும் என்கிறது. வெளியே தெரிய வேண்டும் என்ற நிபந்தனை வாசகத்தில் இல்லை. டொலார்-டே-ஓர்மோ முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை பெண்களுக்குள் இதுதான் பேச்சு. தாலிக்கொடியில் பிள்ளையார் இருக்கிறார். சட்டைக்குள் கிடக்கிறது. அது நகையா, சின்னமா? திருநீறு பொருளா? பூசிய பிறகும் அது பொருள்தானா? சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் எங்களில் எவரையும் இதுவரை யாரும் தாலியைக் காட்டு என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்றும் எல்லோருக்கும் தெரியும். முக்காடு அணிந்த பெண்ணுக்கு அந்தச் சிரிப்புக் கிடையாது. என் மகளோடு ஆசிரியர் பயிற்சி படித்த, முக்காடு அணியும் ஒருத்தி இப்போது ஒட்டாவாவில் படிப்பிக்கிறாள். கியூபெக்கின் எல்லை நகரான காத்தினோவிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அடுத்த மாகாணமான ஒன்ராறியோ, அங்கே இந்தச் சட்டம் இல்லை.

ஈரோட்டுப்பாதை எழுதியது:

பனிமூட்டம் அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சட்டத்தை வெறும் குடியேறிகள் மீதான வெறுப்பு என்று முடித்துவிட்டால், கியூபெக் மக்களின் வயிற்றெரிச்சலை விட்டுவிடுகிறோம்.

1960 வரை அங்கே பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம் எல்லாம் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில். கல்வி அமைச்சகம் என்ற ஒன்றே 1964-இல்தான் வந்தது. பெண்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்குரிமை 1940-இல்தான் கிடைத்தது, அதையும் கர்தினால் வில்நவ் எதிர்த்தார். திருமணம் கடந்து பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளை மனநோயாளிகள் என்று பொய்யாகப் பதிந்து, அதற்குரிய கூடுதல் மானியத்தைப் பெற்ற காலமும் உண்டு. அன்றைய முதலமைச்சரின் பெயரால் வழங்கும் 'துப்பிளெசி அநாதைகள்' என்று தேடிப் படியுங்கள், தூக்கம் வராது. அந்த ஊரில் கோபம் வந்தால் வாயில் வருவது நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம் ஆகியவற்றின் பெயர்கள்தாம். வசைச்சொற்களே பலிபீடத்திலிருந்து வருகின்றன என்றால் அந்தச் சுமை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படி ஒரு தலைமுறை உதறிவிட்டு வந்ததை, 'எல்லாக் கதையும் சமம்' என்று பாரிசில் உட்கார்ந்து ஒருவர் எழுதிவிட்டார் என்பதற்காகத் திரும்ப வகுப்பறைக்குள் விட வேண்டுமா? தொண்ணூறுகளின் அல்ஜீரிய வன்முறைக்குத் தப்பி மொன்றியல் வந்த பெண்களில் சிலர் இந்தச் சட்டத்தின் பக்கம் நிற்கிறார்கள். 'நாங்கள் எதிலிருந்து ஓடிவந்தோமோ அது என் மகளின் ஆசிரியை தலையில் வேண்டாம்' என்பது அவர்கள் நிலை. அவர்களையும் வெள்ளை இனவாதிகள் என்பீர்களா? 1968-இல் அண்ணா ஆட்சி அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் கூடாது என்றபோதும் இதே கூக்குரல்தான் எழுந்தது.

மட்டுறுத்துநர்:

தமிழ்நாட்டு அரசாணைகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கியூபெக்கோடு நில்லுங்கள்.

கல்மண்டபம் எழுதியது:

மட்டுறுத்துநர் மன்னிக்க, ஒரே ஒரு வரி. சாமி படம் மாட்டியிருந்தது அரசின் சுவரில். எழுத்தர் நெற்றியை யாரும் துடைக்கச் சொல்லவில்லை. என் வாதத்தின் முளை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது, அதனால் சொன்னேன்.

கியூபெக் சட்டமன்றத்தில் அவைத்தலைவரின் இருக்கைக்கு மேலே ஒரு சிலுவை இருந்தது. 1936-இல் துப்பிளெசி ஆட்சி மாட்டியது. அரசும் திருச்சபையும் கைகோத்து நிற்கின்றன என்று ஊருக்குக் காட்டத்தான் மாட்டினார்கள். டெய்லரும் பூஷாரும் 2008 மே மாதம் அளித்த அறிக்கையில், அதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அறிக்கை வெளியான அன்றே சட்டமன்றம் கூடி, சிலுவை அங்கேயே இருக்கும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. அது மதச் சின்னமல்ல, எங்கள் மரபு என்றார்கள்.

தோழர் ஈரோட்டுப்பாதை, திருச்சபை மீது அவ்வளவு கசப்பு இருந்தால் முதலில் விழவேண்டியது எது? துப்பிளெசி பெயரைச் சொல்லி அநாதைகளுக்காக வருந்தினீர்கள். அதே துப்பிளெசியின் சிலுவை 2019 ஜூலை வரை, அதாவது சட்டம் நிறைவேறி மறுமாதம் வரை, அங்கேதான் தொங்கியது. கடைசியில் எடுத்ததும் விட்டுக்கொடுப்பாகத்தான், சட்டத்துக்கு எதிர்ப்பைக் குறைக்க. மொன்றியல் மலையுச்சியில் 1924-இல் நட்ட இரும்புச் சிலுவை இன்றும் இரவில் ஒளிர்கிறது. நகராட்சியின் உடைமை அது. எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே வடிவம் மலையில் இருந்தால் மரபு, ஆசிரியையின் கழுத்தில் இருந்தால் மதம் என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு வந்தது என்றுதான் கேட்கிறேன்.

இதைத்தான் மானுடவியலாளர் தலால் அசத் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். மதம் ஒருபுறம், மதச்சார்பின்மை மறுபுறம் என்று இரண்டு பெட்டிகள் முன்னமே தயாராக இல்லை. எது மதம் என்று கோடு போடும் வேலையைத்தான் மதச்சார்பற்ற அரசு செய்கிறது. கோடு போடும் கைக்கு ஒரு வரலாறு உண்டு. மதம் என்றால் உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கை, உடையும் உணவும் மேற்பூச்சு, வேலைக்கு வரும்போது கழற்றலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில், குறிப்பாகப் புரோட்டஸ்டண்ட் கிறித்தவத்தில், ஊறி வந்தது. உடம்பிலேயே மதத்தை வாழ்கிறவர்களுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சீக்கியராக இருங்கள் என்பது அவரிடம் கேட்கக்கூடிய கேள்வியே அல்ல.

ஆற்றங்கரை எழுதியது:

நல்ல விவாதம். பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா இதில் எங்கே வருகிறார்? அவரும் மதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் அல்லவா?

தராசு எழுதியது:

வருகிறார். 1994-இல் இத்தாலியின் காப்ரி தீவில் மதம் குறித்து ஒரு சிறிய கூட்டம். தெரிதா, இத்தாலியத் தத்துவவாதி ஜியானி வாத்திமோ, வயதில் மூத்த ஜெர்மன் தத்துவவாதி கதாமர் எல்லோரும் இருந்தார்கள். மதம் திரும்புகிறது என்கிறோமே, அது என்ன என்பதுதான் பேச்சு. கூடியிருந்தவர்களைப் பார்த்துத் தெரிதாவே ஒன்று சொன்னார்: இங்கே ஒரு முஸ்லிம் இல்லை, ஒரு பெண்ணும் இல்லை. சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதத்துக்கு இடம் உண்டு என்று தீர்மானித்த மேசையில், பத்தாண்டுகள் கழித்து யாரைப் பற்றிச் சட்டம் வரப்போகிறதோ அந்த முஸ்லிம் பெண் இல்லை. பிரான்சில் பள்ளி மாணவிகளின் முக்காட்டைத் தடுத்த சட்டம் 2004 மார்ச்சில் வந்தது.

நான் மேலே சொன்ன 'பல் பிடுங்கிய மதம்' வாத்திமோவுக்கு அப்படியே பொருந்தும், ஆனால் அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடவுள் தம்மைத் தாழ்த்திக்கொண்டு மனிதரானார் என்பதே கிறித்தவத்தின் சாரம், ஆகவே அதிகாரம் இழந்துகொண்டே போவதுதான் அதன் நிறைவு, மதச்சார்பின்மையே கிறித்தவத்தின் பலன் என்றார். அழகான சிந்தனை. ஆனால் கவனியுங்கள்: இதன்படி மதச்சார்பற்ற ஐரோப்பா முழுவதும் மறைமுகமாகக் கிறித்தவ வீடாகிவிடுகிறது. மற்றவர்கள் விருந்தினர். இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை இருக்கலாமா என்ற வழக்கில், ஸ்த்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2011 மார்ச்சில் 'சுவரில் இருப்பது செயலற்ற சின்னம்' என்று சொல்லி இத்தாலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2001-இல் ஜெனீவா ஆசிரியை ஒருவரின் முக்காட்டை, சிறு பிள்ளைகளை ஈர்க்கக்கூடிய வலிமையான வெளிச் சின்னம் என்று கருதி அவர் மனுவைத் தள்ளியிருந்தது. சுவரில் இருப்பது செயலற்றது, தலையில் இருப்பது வலிமையானது. கல்மண்டபம் ஐயாவுக்கு இதைச் சேர்த்துக்கொள்ளக் கொடுக்கிறேன், கோபுரம் இன்னும் ஆட்டம்தான் என்றாலும்.

ஆனால் உங்கள் பக்கம் முழுதாக வர எனக்கு ஒரு தடை இருக்கிறது. கோடு போடும் கைக்கு வரலாறு உண்டு, சரி. அதற்காகக் கோடே வேண்டாமா? பின்நவீனச் சிந்தனை இங்கேதான் கைவிடுகிறது. எல்லாக் கோடுகளும் அதிகாரத்தின் விளைவு என்று சொல்லிவிட்டுப் போய்விடும், மறுநாள் காலை பள்ளியைத் திறக்க வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்? ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸ் பின்நவீனத்துவத்தை வாழ்நாள் முழுதும் சாடியவர். ஆனாலும் மதத்துக்கு உருப்படியான இடம் கொடுத்தது அவர்தான். 2001 அக்டோபரில், நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பிராங்க்பர்ட்டில் பேசும்போது 'பின்மதச்சார்பின்மைச் சமூகம்' என்றார். 2004 ஜனவரியில் மியூனிக்கில் கர்தினால் ராட்சிங்கரோடு ஒரே மேடையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு ராட்சிங்கர் போப்பாண்டவர் ஆனார். ஹாபர்மாஸின் ஏற்பாடு எளிது. தெருவிலும் பத்திரிகையிலும் கூட்டத்திலும் மத மொழியில் பேசுங்கள், தடையில்லை. நாடாளுமன்றம், நீதிமன்றம், அரசாணை என்று வரும்போது எல்லோருக்கும் புரியும் காரணமாக அது மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றும் வேலையில் நம்பாதவர்களும் கைகொடுக்க வேண்டும்.

ஈரோட்டுப்பாதை எழுதியது:

இதைத்தான் நானும் சொல்கிறேன். ஆசிரியை அரசின் முகம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரசு என்றால் அவர்தான். அவர் முகம் நடுநிலையாக இருக்கட்டும். அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் ரோர்ட்டி 1994-இல் சொன்னார், பொது விவாதத்தில் 'இது கடவுள் கட்டளை' என்றால் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது என்று.

பனிமூட்டம் எழுதியது:

தம்பி, அந்தப் பெண் வகுப்பறையில் கடவுள் கட்டளை என்று ஒன்றும் சொல்லவில்லையே. கணக்குப் படிப்பித்தாள். பேசியதைத் தடுப்பது வேறு, பேசாமல் நிற்கிறவரைத் தடுப்பது வேறு.

கல்மண்டபம் எழுதியது:

பனிமூட்டம் அம்மையார் ஒரு வரியில் முடித்துவிட்டார். ரோர்ட்டியைப் பற்றிய மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவரே 2003-இல் அந்த நிலையிலிருந்து பின்வாங்கினார். மதத்தை மேற்கோள் காட்டாதே என்று குடிமக்களிடம் சொல்லத் தம்மிடம் நியாயமான விதி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிறித்தவ இறையியலாளர்களான அகஸ்டினையும் அக்குவினாசையும் துணைக்கழைத்தாரே, அங்கே பேச்சு நிற்கவில்லை, தொடங்கியது. ரோர்ட்டியின் கோபம் கடைசிவரை இருந்தது ஆயர்களின் நிறுவனத்தின் மீது. தெருமுனைச் சபைகளின் மீதல்ல. அவருடைய தாய்வழிப் பாட்டனார் வால்டர் ரவுஷன்புஷ், தொழிலாளர் பக்கம் நின்ற போதகர். தோழருக்கு அந்த வேறுபாடு உதவும்: அதிகாரம் உள்ள மதம் வேறு, வேலை கேட்டு வரும் மதம் வேறு. கியூபெக் சட்டம் முதலாவதின் மேல் உள்ள கோபத்தை இரண்டாவதின் மேல் தீர்க்கிறது.

தராசு கேட்ட கோடு பற்றி. கோடு வேண்டும். டெய்லர் – பூஷார் அறிக்கை ஒரு கோடு போட்டது: நீதிபதி, அரசு வழக்கறிஞர், காவலர், சிறைக்காவலர் போன்றோருக்கு மட்டும் தடை, ஆசிரியருக்கு வேண்டாம். கட்டாயப்படுத்தும் அதிகாரம் உள்ள பதவிகள் அவை. அதற்கு ஒரு காரணம் சொல்லலாம், எதிர்க்கவும் செய்யலாம். ஆனால் 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே டெய்லர், அந்தப் பரிந்துரைக்கும் இனி என் ஆதரவு இல்லை என்று பத்திரிகையில் எழுதினார். இந்த வாதங்களே சிறுபான்மையினர் மீது வெறுப்புக்கு உரமாகிவிட்டன என்பது அவர் காரணம். பூஷார் நகரவில்லை. ஒரே அறிக்கையில் கையெழுத்திட்ட இருவர் எதிரெதிராக நின்றார்கள். டெய்லர் கத்தோலிக்கர், மதச்சார்பின்மையின் வரலாற்றை ஆயிரம் பக்கங்களை நெருங்கும் ஒரு நூலாக எழுதியவர். கொள்கை சரியா என்பதோடு, இந்த ஊரில் இந்த நேரத்தில் அதைச் சொன்னால் யார் மேல் விழும் என்றும் பார்த்தார். தத்துவவாதிகள் இதை அடிக்கடி செய்வதில்லை.

ஈரோட்டுப்பாதை எழுதியது:

சிலுவை விஷயத்தில் அந்தச் சட்டமன்றத்தின் இரட்டை நாக்கை நான் ஆதரிக்கவில்லை. 2008-லேயே எடுத்திருக்க வேண்டும். ஆனால் ஆசிரியர் விஷயத்தில் என் நிலை அப்படியே. 'வேலை கேட்டு வரும் மதம்' என்கிறீர்கள். அதே மதம் இன்னோர் ஊரில் அதிகாரத்தில் இருக்கிறது, அந்த ஊரிலிருந்து வந்த தாய்க்கு அந்த முக்காடு வேலை கேட்பதாகத் தெரியாது. அவள் பயத்துக்கு உங்கள் தத்துவத்தில் இடம் இல்லை.

பனிமூட்டம் எழுதியது:

அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒரு தாயும் எனக்குத் தெரியும். அவரும் ஒட்டாவாவுக்குப் போன பிள்ளையும் ஒரே மாடிக்கட்டடத்தில்தான் இருந்தார்கள், பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்து வாங்கினார்கள். அவர்களுக்குள் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேச்சும் நடந்தது. சட்டம் வந்தபின் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. பேச ஒருத்தி அங்கே இல்லை.

தராசு எழுதியது:

அம்மா, சட்ட நிலவரம் இப்போது என்ன? கீழ் நீதிமன்றம் ஆங்கிலப் பள்ளி வாரியங்களுக்கு விலக்குக் கொடுத்ததாகப் படித்த நினைவு.

பனிமூட்டம் எழுதியது:

2021 ஏப்ரலில் கொடுத்தது. 2024 பெப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. 2025 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க ஏற்றுக்கொண்டது. மதச் சுதந்திரத்தை வைத்து நேராக வாதாட முடியாது. சில உரிமைகளை மீறியும் ஒரு சட்டம் செல்லும் என்று அறிவிக்க இடம்தரும் உரிமைப் பட்டயத்தின் 33-ஆம் பிரிவை முன்கூட்டியே பயன்படுத்தி அந்த வழியை அரசு அடைத்துவிட்டது, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும், 2024-இல் புதுப்பித்தும் விட்டார்கள். அதனால் வழக்கறிஞர்கள் ஆண் – பெண் சமத்துவம் பேசும் 28-ஆம் பிரிவைப் பிடித்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது வாதம். மதத்தைப் பற்றிய வழக்கில் மதத்தின் பெயரைச் சொல்லாமல் வாதாட வேண்டியிருக்கிறது. சட்டம் வந்தபோது ஏற்கெனவே வேலையில் இருந்த ஆசிரியர்களுக்கு விலக்கு உண்டு, அதே வேலையில், அதே வாரியத்தில் இருக்கும்வரை. பதவி உயர்வு கேட்டால் போய்விடும். என் மகளுடைய பள்ளியில் அப்படி ஓர் ஆசிரியை இருக்கிறார், தலைமையாசிரியர் பதவிக்கு மனுப் போடாமல்.